கொடியைச் சுட்டவர்

அவரைத் தேசபக்தர் என்று நம்புகிறவர்கள் ரங்கூனில் இன்னும் இருக்கிறார்கள்; எங்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். கைத்துப்பாக்கிப் போட்டி ஒன்றில், வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அரசரின் கொடியைச் சுட்டது உண்மைதான். ஆனால் அந்தக் குண்டுக்குக் காரணம் தேசபக்தி என்பது தவறு. காரணம் ஓர் அரம். கோட்டுப் பைக்குள் அடங்கும் சிறிய அரம். அதைப் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்தவள் நான்.

"அவரு உங்க தெருவுல குடியிருந்தவராமே! ஆளு எப்படி? கண்ணுல தீ இருக்குமா?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்.

"கண்ணைக் கவனிச்சதில்லை. குடையைக் கவனிச்சிருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அவர் ரங்கூனின் அலோன் பகுதியில், நதிக்கரையில் இருந்த ஓர் அரிசிக் கிடங்கின் தலைமை எழுத்தர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் சீமைக் குடை. குடை வாங்கிய வாரமே, அதற்குக் கம்பிகள் தேவைக்கு அதிகம் என்று முடிவுசெய்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றிவிட்டார். எடை குறைந்தது. வீட்டுக்குள் விரித்துப் பார்த்தபோது மிக அழகாக விரிந்தது. ஆனி மாதத்து ரங்கூன் மழை அதன்மேல் விழுந்த முதல் நாளில், மாலைத் தாமரையைப் போல அது அவர் தலைமேலேயே கூம்பிக்கொண்டது. அவர் அதை விலக்கவில்லை. தோள்வரை குடைக்குள் இருந்தபடி, நடையின் கம்பீரம் சற்றும் குறையாமல், டிராம் பாதையைக் கடந்து கிடங்குவரை போனார். யாரோ விசாரித்ததற்கு, "குடை சரியாத்தான்யா இருக்கு, மழையிலதான் கோளாறு" என்று உள்ளிருந்து குரல் வந்ததாம்.

எந்தப் பொருளையும் வந்தபடியே வைத்துக்கொள்வது அவருக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றியது. புதிய பொருள் ஒன்றைக் கையில் எடுத்ததும் அதைத் தட்டுவார், முகர்வார், காதருகே வைத்து ஆட்டுவார். பிறகு வருத்தத்துடன் தலையசைத்து, "செஞ்சவன் பாதியில விட்டுட்டான்" என்பார். மீதிப் பாதியைச் செய்து முடிக்கவே ஆண்டவன் தம்மை அனுப்பினான் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை வரும்; கைக்குட்டைக்குள்ளிருந்து அரம் வரும்.

அவர் கூடத்தில் அரசரின் படம் ஒன்று தொங்கியது. மாணவர்கள் பகிஷ்காரம் செய்த காலத்தில், தம் விசுவாசத்தை ஊருக்கு உணர்த்த அவர் வாங்கி மாட்டியது அது. மாட்டிய மூன்றாம் நாள், படம் வரைந்தவன் நெற்றியைப் பாதியில் விட்டுவிட்டதைக் கண்டு, அரசருக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். விசுவாசத்திலும் அவரால் திருத்தம் செய்யாமல் இருக்க முடியவில்லை. என் கட்டுரை ஒன்றையும், என் தகப்பனார் பெருமையாகக் காட்டிய ஒரே குற்றத்துக்காக, அவர் செம்மை செய்து கொடுத்தார். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "உனக்கு உதவி செய்பவரிடம் இனி உதவ வேண்டாமென்று சொல்" என்றார். அன்றுமுதல் தலைமை எழுத்தர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "வாம்மா, இலக்கியம்" என்பார். அதில் கேலி கிடையாது. இலக்கியமும் பாதியில் விடப்பட்ட பொருள் என்று நினைத்தார் போலும்.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு தானியங்கித் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

கிடங்கின் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது என்பதால் அரசாங்கம் அவருக்கு உரிமம் கொடுத்திருந்தது. பழைய சுழல் துப்பாக்கியை விற்றுவிட்டு, புதிதாக வந்திருந்த இந்த அமெரிக்கச் சாதனத்தை வாங்கினார். வங்கிக்குப் போகும் வழியில் யாரையும் சுடும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. அவர் கண் வேறோர் இடத்தில் இருந்தது. ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்களின் துப்பாக்கிச் சங்கம் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள், உரிமம் உள்ள கனவான் எவரும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு போட்டி நடத்துவார்கள். அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், அவர் பெயரை உறுப்பினராக முன்மொழிவதாகச் சங்கத்தின் காரியதரிசித் துரை வாக்களித்திருந்தார். அந்தச் சங்கத்தில் அதுவரை நம்மவர் எவரும் உறுப்பினராகி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார விரும்பினார். அதைத் தவிர அந்த ஆண்டில் அவருக்கு வேறு விருப்பம் இருந்ததாக நான் அறியேன்.

காரியதரிசியின் நல்லெண்ணத்தைப் பெறுவதற்காக, சங்கத்துச் சுவர்க்கடிகாரத்தை அவர் முன்பே திருத்திக் கொடுத்திருந்தார். ஊசலின் எடை அதிகம் என்பது அவர் கருத்து. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரம் தன் விருப்பப்படி ஓடியது. காரியதரிசி மரியாதை தெரிந்தவர். நன்றி சொல்லி, அதை அப்படியே மாட்டிவைத்திருந்தார்.

இனி துப்பாக்கி. இந்த வகைத் துப்பாக்கியின் மேற்கூடு ஒரு மேசை இழுப்பறையைப் போலப் பின்னுக்குப் போய்த் திரும்பும். ஒரு குண்டு வெடித்ததும் அந்த விசையிலேயே கூடு பின்னேறி, காலி உறையைத் துப்பிவிட்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். புதிதில் இந்தக் கூடு முரட்டுத்தனமாக நகரும். சில நூறு குண்டுகளைச் சுட்ட பிறகே இளகிப் பழகும். உரிமத்தில் அவருக்கு அனுமதித்திருந்ததோ ஆண்டுக்கு ஒரு சிறு பெட்டிக் குண்டுகள். பழக்குவதற்கென்று அதை வீணாக்கக்கூடாது. ஆகவே துப்பாக்கியைக் கையாலேயே பழக்குவது என்று தீர்மானித்தார்.

கையால் என்றால், தம் கையால் மட்டும் அல்ல. சிபாரிசு கேட்டுக் காலையில் அவர் கூடத்தில் கூடுகிறவர்கள் பலர். முன்பெல்லாம் அவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வரும். இப்போது வெற்றிலைத் தட்டில் துப்பாக்கி வந்தது.

"என்ன படிச்சிருக்கீங்க, தம்பி?"

"பி.ஏ., ஐயா. சரித்திரம்."

"ரொம்ப நல்லது. இழுங்க."

சென்னையிலிருந்து கப்பலேறி வந்த பட்டதாரி, காலித் துப்பாக்கியின் கூட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். சடக், சடக். அடுத்தவர் முறை வரும்வரை எழுந்திருக்க முடியாது. வேலை கிடைத்ததோ இல்லையோ, அவர்களுடைய கட்டைவிரல்கள் காய்த்துப்போயின. எழுத்தர் வேலைக்கு வந்த ஒருவர் பிறகு பேனா பிடிக்க முடியாமல் தவித்தார் என்பதும் தெருவில் பேச்சு.

துப்பாக்கியோடு வந்த சீமை எண்ணெயை அவர் முதல் நாளே கொட்டிவிட்டார். அதில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்பது அவர் அச்சம். பதிலாக நல்லெண்ணெய் விட்டார். அதனால் அந்த ஆயுதத்தின் அருகே போனாலே சனிக்கிழமைக் காலையின் வாசனை வீசும்.

"சீயக்காயும் தேச்சு விட்டுருங்க. சளி பிடிச்சுக்கப்போவுது" என்று அவர் மனைவி உள்ளிருந்து சொன்னார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று அழைப்பேன். அக்காவுக்கு ஆங்கிலம் கற்பிக்க என்னை அமர்த்தியிருந்தார் அவர். சங்கத்தில் உறுப்பினரானால் மனைவியும் தேநீர் விருந்துக்கு வரவேண்டியிருக்கும்; வந்தால் துரைசானிகளிடம் நாலு வார்த்தை பேசவேண்டியிருக்கும். அக்காவின் பெற்றோரும் வேலையைப் பாதியில் விட்டவர்கள்தாமே.

"தங்கச்சி, நீ சொல்லிக்குடு, நான் சொல்றேன். ஆனா மனசுக்குள்ள ஒண்ணு வேண்டிக்கிட்டிருக்கேன். அவுக தோத்துரணும். நான் தப்பிச்சுக்குவேன்" என்றார் அக்கா முதல் நாளே.

பாடம் நடக்கும்போதும் கைகள் சும்மா இருக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு. அக்கா மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு படித்தார். "ஹௌ டு யூ டூ" என்று ஓர் இழுப்பு. "வெரி வெல், தேங்க் யூ" என்று இன்னோர் இழுப்பு. ஒப்பீட்டுச் சொற்களுக்கு வந்தோம். "குட்" என்று பின்னுக்கு, "பெட்டர்" என்று முன்னுக்கு, "பெஸ்ட்" என்று மறுபடி பின்னுக்கு. ஆங்கிலம் இத்தனை உலோக ஓசையுடன் எங்கும் கற்பிக்கப்பட்டிருக்காது. "மை ஹஸ்பண்ட் மேட் இட் பெட்டர்" என்ற வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்தேன். என் கணவர் இதை இன்னும் நன்றாக ஆக்கினார் என்று பொருள் சொன்னதும், அக்கா கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். குடை, கதவு திறக்காத அலமாரி, பொட்டு வைத்த அரசர்.

"இதுல எதைச் சொல்றது, தங்கச்சி?" என்றார்.

கூடு பழகியதும் அவர் திருத்த வேலையைத் தொடங்கினார். பிடியின் இரு பக்கங்களையும் கழற்றி எறிந்துவிட்டு, பர்மியத் தச்சர் ஒருவரைக்கொண்டு படாக் மரத்தில் புதிய பிடி செய்வித்தார். குறிபார்க்கக் குழலின் முனையில் நீட்டியிருக்கும் முன்குறியின் நுனியில், பர்மியப் பெண்கள் மரக்கட்டையை உரைத்து முகத்தில் பூசும் தனக்காவில் ஒரு பொட்டு வைத்தார். வெயிலில் அது வெள்ளையாகத் தெரியும். இது நல்ல யோசனை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதோடு நிறுத்தியிருந்தால் இன்று அவர் அந்தச் சங்கத்தின் நாற்காலியில் இருந்திருப்பார்.

நிறுத்தவில்லை. விரல் வைக்கும் விசை கனமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. "நினைச்சா வெடிக்கணும். விரல் எதுக்கு?" என்றார். குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியை, விசையை அழுத்தும்வரை பிடித்து நிறுத்திவைப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு கொக்கி. அதன் விளிம்பைத் தேய்த்தால் விசை இலேசாகும். முதலில் அரத்தால் தேய்த்தார். பிறகு அரம் முரடு என்று, அக்கா தனக்கா அரைக்கும் கல்லை எடுத்துக்கொண்டார். மாலைதோறும் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையை உரைப்பதற்குப் பதில் கொக்கியை உரைத்தார். மறுநாள் அதே கல்லில் அக்கா தனக்கா அரைத்துப் பூசிக்கொள்வார். கீழ்வீட்டு டோ மியா, அந்த வீட்டின் சொந்தக்காரி, படியேறி வந்து ஒருநாள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அமலே, அம்மாடி! என்ன அக்கா, கன்னத்துல துரு பிடிச்சிருக்கு?"

"அடுத்தது என்னையத் தேச்சுட்டாக" என்றார் அக்கா.

போட்டிக்குச் சில நாட்கள் முன்பு எல்லாம் முடிந்துவிட்டது. காலித் துப்பாக்கியின் விசையைத் தொட்டுக் காட்டினார். உண்மையிலேயே பூவிதழ் விழுவதுபோல் சுத்தி விழுந்தது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. எத்தனையோ பொருள்களை அவர் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் ஒன்றை முடித்துவிட்டதாக அவரே நம்பிய முகத்தைப் பார்த்தேன். அது மகிழ்ச்சியான முகம் என்பதை மறுக்க முடியாது.

"குண்டு போட்டு ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன்" என்றார் அக்கா.

"சுட்டா அழுக்காயிரும்" என்றார் அவர்.

போட்டி நாளன்று எங்களை ஒரு குதிரை வண்டியில் அழைத்துப்போனார். அக்காவுக்குப் புதிய சீமைப் பாதரட்சை. குதிகால் உயரம் என்று அவர் இரண்டையும் அரத்தால் குறைத்திருந்தார். ஒன்றைச் சற்று அதிகமாகவே குறைத்திருந்தார். ஆகையால் அக்கா நடக்கும்போது டக், டொக் என்று இரண்டு விதமாகக் கேட்டது. என்னை ஏன் கூட்டிவந்தார்கள் என்றால், நாலு வார்த்தைக்கு மேல் போனால் நான் அக்காவுக்கு வாயாக இருக்கவேண்டும்.

சுடுதிடலின் கடைசியில் ஓர் உயரமான மண்மேடு. அதன் அடியில் காகித இலக்குகள். பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்ததால், மேட்டின் உச்சியில் அரசரின் கொடி. ஆளுக்கு ஐந்து குண்டுகள். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சுடவேண்டும். அவர் முறை வந்தது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பக்கவாட்டில் நின்று, கையை நீட்டினார். அருகிலிருந்த துரை மூக்கை உறிஞ்சி, எள் வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடினார்.

முதல் குண்டு இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் நடுவில் துளைத்தது. இதற்கு நானே சாட்சி. அந்தத் திடலில் அன்று அதைவிடச் சிறந்த குறி விழவில்லை. ஆனால் துப்பாக்கி அதோடு நிற்கவில்லை. தேய்ந்து மெலிந்த கொக்கியால் சுத்தியைப் பிடிக்க முடியவில்லை. கூடு திரும்பிய வேகத்தில் சுத்தி தானே விழுந்தது. இரண்டாவது குண்டு தானே போயிற்று. மூன்றாவதும் அதைத் தொடர்ந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவர் கை ஒரு முழம் மேலேறியது. இலக்கின் தலை, மண்மேட்டின் வயிறு, மேட்டின் தோள், கடைசியில் கொடி. மாதக்கணக்கில் பி.ஏ. பட்டதாரிகள் பழக்கிவைத்த கூடு. ஓரிடத்திலும் சிக்காமல், நன்றியுள்ள பிராணிபோல் ஓடி முடித்தது.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் புல்தரையில் படுத்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றிருந்தார். கொடியின் மூலையில் ஒரு துளை வழியே வானம் தெரிந்தது.

விசாரணை அங்கேயே, சங்கத்தின் அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு போலீஸ் துரையும் காரியதரிசியும். மேசைமேல் துப்பாக்கி; கதவோரம் அக்காவும் நானும். அப்போது ஊரில் காலம் சரியில்லை. கொடி விஷயத்தில் யாரும் சிரிக்கத் தயாராக இல்லை. வேண்டுமென்று சுட்டதாக முடிவானால் சிறைதான். காரியதரிசி அவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார்.

"உமது துப்பாக்கியில் கோளாறு ஏற்பட்டுவிட்டது. அப்படித்தானே?"

ஆம் என்று ஒரு சொல் போதும்.

"நோ சார்" என்றார் அவர். "என் துப்பாக்கியில் கோளாறு இல்லை."

காரியதரிசி மீண்டும், இன்னும் மென்மையாகக் கேட்டார். அவர் மீண்டும் மறுத்தார். கோளாறு இல்லையென்றால் கொடியைக் குறிபார்த்தீரா என்று போலீஸ் துரை கேட்டார். அதற்கும் அவர் மறுத்தார். தாம் அரசருக்கு விசுவாசி, அரசரின் படத்துக்கு நாள்தோறும் சந்தனம் வைப்பவர் என்றார். போலீஸ் துரை இதை அவமதிப்பின் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது.

விசுவாசமுள்ள குடிமகன், குறையில்லாத கைவேலைக்காரர் என்ற இருவரில் ஒருவரை அவர் அந்த அறையில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகமுடியும். கெட்டிக்காரரல்ல என்ற பெயருடன் வீடு திரும்புவதைவிட, ராஜத்துரோகி என்ற பெயருடன் சிறைக்குப் போவதே மேல் என்று அவர் முடிவுசெய்துகொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். வகுப்புத் தோழர்கள் தேடும் தீ ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினார்.

டக், டொக், டக், டொக். அக்கா மேசைவரை நடந்துபோனார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். துப்பாக்கியை ஒரு விரலால் தொட்டு, தெளிவாக, இடைவெளி விட்டு, நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு ஒன்றுகூடத் தவறாமல் சொன்னார்:

"மை ஹஸ்பண்ட்... மேட் இட்... பெட்டர், சார்."

போலீஸ் துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரியதரிசி மெல்லத் தலையைத் திருப்பி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நண்பகல்கூட ஆகவில்லை. கடிகாரம் ஏழேகால் காட்டியது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போலீஸ் துரையின் காதில் ஏதோ சொன்னார். போலீஸ் துரையும் கடிகாரத்தைப் பார்த்தார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேசைமேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்து நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

துப்பாக்கியும் உரிமமும் பறிமுதலாயின. உறுப்பினர் பேச்சு அத்தோடு முடிந்தது. மற்றபடி, போகலாம் என்றார்கள்.

வண்டியில் ஏறினோம். அக்கா பாதரட்சைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செய்தி எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது; எங்கள் தெருமுனையில் இளைஞர்கள் சிலர் கைதட்டி, "ஐயா வாழ்க!" என்று கூவினார்கள். எந்த ஐயாவை வாழ்த்துகிறார்கள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

திரும்பியவரின் கண் வண்டிக் கதவின் தாழ்ப்பாளில் பட்டது. தட்டினார். ஆட்டினார். காதைக் கொண்டுபோனார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"செஞ்சவன் பாதியில விட்டுட்டான்" என்றார், எங்களில் யாரையும் பார்க்காமல்.

வலக்கை கோட்டுப் பைக்குள் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பைக்குள்ளேயே பிடித்தார். வெளியே எடுத்து, தம் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுக மூடிக்கொண்டார். அவர்கள் கைகோத்து அமர்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அது கணவரிடம் கொண்ட அன்பா, தாழ்ப்பாளிடம் கொண்ட இரக்கமா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வண்டி எங்கள் வாசலில் நிற்கும்வரை அக்கா பிடியைத் தளர்த்தவில்லை. பல மாதங்கள் அந்தக் கூட்டை இழுத்து உரமேறிய கை அது. அவரால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை.